ஓர் எழுத்து மாறினால்

ஞானஸ்நானம் முடிந்து குழந்தையை வீட்டுக்கு எடுத்து வந்தவுடன் நம் குடும்பங்களில் ஒரு செல்ல வழக்குத் தொடங்கும். “மூக்கைப் பாருங்கள், அப்படியே இவன் தாத்தாவேதான்!” என்பார் தந்தையைப் பெற்ற பாட்டி. “கண் மட்டும் எங்கள் வீட்டுக் கண், சம்பந்தியம்மா” என்று விட்டுக்கொடுக்காமல் மறுமொழி சொல்வார் தாயைப் பெற்ற பாட்டி. கேட்டுக்கொண்டிருக்கும் அனைவருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அதே குழந்தை ஓராண்டுக்குள் வெளுத்துச் சோர்ந்து, பால் குடிக்க மறுத்து, மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைய நேர்ந்தால் அந்த வழக்கின் தொனியே மாறிவிடுகிறது. “எங்கள் வம்சத்தில் இப்படி யாருக்கும் இருந்ததில்லை” என்றொரு சொல் அடுக்களையிலோ திண்ணையிலோ எழுகிறது. அது யாரைக் குத்துவதற்காகச் சொல்லப்பட்டது என்பதை அந்த வீட்டு மருமகள் நன்கு அறிவாள். நோயுற்ற பிள்ளையைத் தோளில் சுமப்பவள், பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

மூக்கும் கண்ணும் நோயும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? அதை யார் படிக்கிறார்கள்? படித்தது எவ்வாறு இரத்தமும் தசையுமாக உருப்பெறுகிறது? இக்கேள்விகளுக்கு விஞ்ஞானம் இன்று தெளிவான விடை கூறுகிறது. அவ்விடையைத் தேடிக் கண்டவர்களுள் இருவர் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். 1952-ஆம் ஆண்டை வாசகர்கள் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அவ்வாண்டில் சிதம்பரத்தில் ஒரு குழந்தை பிறந்தது; கிண்டிக்கு ஓர் இளம் பேராசிரியர் வந்து சேர்ந்தார்; நீலகிரி மலையில் ஒரு நோயின் அடையாளம் கண்டறியப்பட்டது. இம்மூன்றையும் இணைக்கும் சரடுதான் இக்கட்டுரையின் பொருள்.

பதிவேடும் நகலும்

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். நாம் உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. அத்துண்டுகளைக் கொண்டு நம் உடலின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாஜன், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் ஆகிய யாவும் புரதங்களே. அமினோ அமிலங்கள் 20 வகைப்படும். அவை எந்த வரிசையில் கோக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு புரதம் இரத்தத்துக்குரியதாகவோ எலும்புக்குரியதாகவோ ஆகிறது.

அந்த வரிசை எழுதப்பட்டிருக்கும் ஏடுதான் டி.என்.ஏ. பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கூறுகளாக வருகின்றன, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டிரண்டாக வருகின்றன என்பதை முதன்முதல் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்ற அகுஸ்தீன் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, தாம் கண்டதை 1865-ல் அவர் எடுத்துரைத்தார். 1884-ல் அவர் மறைந்தார். 1900-ல்தான் உலகம் அவருடைய கண்டுபிடிப்பின் அருமையை உணர்ந்தது. அக்கூறுகள் டி.என்.ஏ. என்ற பொருளில் பொதிந்துள்ளன என்பதும், அது முறுக்கிய இரட்டை நூல் போன்றது என்பதும் பின்னர்த் தெரிய வந்தன. அவ்வடிவத்தை 1953-ல் வாட்சன், கிரிக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் அதற்குப் பெருந்துணையாக இருந்தது.

டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துக்கள்: ஏ, டி, ஜி, சி. தாயிடமிருந்து ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள், தந்தையிடமிருந்து ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். நீட்டி வைத்தால் 2 மீட்டர் நீளமுள்ள இவ்வேடு கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவின் உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. அதில் புரதங்களுக்குரிய பக்கங்கள் ஏறத்தாழ 20,000. அவற்றையே மரபணுக்கள் என்கிறோம்.

நம் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. திருமணத்துக்கோ பள்ளியில் சேர்ப்பதற்கோ சான்று தேவைப்படும்போது பங்குத்தந்தை அந்தப் பதிவேட்டையே தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. வேண்டிய பதிவை மட்டும் பார்த்து நகல் எழுதித் தருகிறார். மூல ஏடு பெட்டியை விட்டு வெளியேறுவதில்லை. உயிரணுவிலும் இதே ஒழுங்குதான். எந்தப் புரதம் தேவையோ அதற்குரிய பக்கம் மட்டும் ஆர்.என்.ஏ. என்ற மெல்லிய நாடாவில் நகலெடுக்கப்படுகிறது. அந்த நகலில் ‘டி’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘யு’ என்ற எழுத்து வரும், மற்றவை மாறுவதில்லை. நகல் உட்கருவை விட்டு வெளியே செல்கிறது. வேலை முடிந்ததும் சிதைக்கப்பட்டுவிடுகிறது. மூல ஏடு அடுத்த நாளைக்காகவும் அடுத்த தலைமுறைக்காகவும் பத்திரமாக இருக்கிறது.

மூன்றெழுத்துச் சொற்கள்

நான்கு எழுத்துக்களைக் கொண்டு 20 அமினோ அமிலங்களை எவ்வாறு குறிப்பது? மும்மூன்று எழுத்துக்களாகப் படிப்பதே வழி. நான்கு எழுத்துக்களால் மூன்றெழுத்துச் சொற்கள் 64 அமைக்கலாம். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் “இத்துடன் முற்றும்” என்பதற்கு அடையாளம்.

இந்த அகராதியை வகுத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில், ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922-ல் பிறந்தவர் இவர். 1961-ல் நைரன்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதல் சொல்லின் பொருளைக் கண்டார். கொரானா எழுத்துக்களைத் தாமே ஆய்வுக்கூடத்தில் வேண்டிய வரிசையில் கோத்து, அந்த வரிசையிலிருந்து எந்தப் புரதம் உண்டாகிறது என்று பார்த்து, மேலும் பல சொற்களின் பொருளைத் தெளிவாக்கினார். 1968-ல் இவ்விருவருக்கும் ஹாலி என்பவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது என்பர். எங்கே தொடங்கி எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது தேர்ந்தவர்க்கே விளங்கும். உயிரணுவின் ஏடும் அத்தகையதே. ‘ஏ-யு-ஜி’ என்ற சொல்லைக் கண்ட இடத்தில் படிக்கத் தொடங்க வேண்டும். மும்மூன்றாகவே நகர வேண்டும். முற்றுச்சொல் வந்ததும் நிறுத்த வேண்டும். இவ்வளவு நுணுக்கமாகப் படிப்பது யார்?

மாலை தொடுக்கும் கை

இங்கேதான் சிதம்பரத்தில் பிறந்த குழந்தை நம் கதையில் நுழைகிறது. 1952-ல் அங்குப் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குச் சென்றார். அங்கே பௌதிகம் பயின்று, அமெரிக்காவில் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். பிறகு உயிரியலின்பால் மனம் ஈர்க்கப்பட்டு, பட்டம் பெற்ற பின்னும் மாணவராக மறுபடியும் வகுப்பில் அமர்ந்தார். அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் ரைபோசோம். நகலைப் படித்துப் புரதத்தைக் கட்டும் கருவி அதுவே.

மயிலாப்பூர் மாட வீதியிலும் திருவான்மியூர்க் கடைத்தெருவிலும் பூ கட்டுபவரின் கைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு மல்லிகை, ஒரு கதம்பம், ஒரு மரிக்கொழுந்து என்று வரிசை பிறழாமல் கைகள் தொடுத்துக்கொண்டே போகும். ரைபோசோமுக்கும் அவ்வாறு இரண்டு பகுதிகள். சிறிய பகுதி நகலிலுள்ள மூன்றெழுத்துச் சொல்லைப் படிக்கிறது. அச்சொல்லுக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு சிறு ஆர்.என்.ஏ. ஒன்று வருகிறது. அது சொல்லோடு பொருந்தினால் ஏற்றுக்கொள்ளப்படும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் விலக்கப்படும். பெரிய பகுதி அந்த அமினோ அமிலத்தை முன்னதோடு பிணைக்கிறது. பின் மூன்றெழுத்து நகர்ந்து அடுத்த சொல். மனித உயிரணுவில் வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து பிணைப்புகள் என்ற வேகத்தில் இப்பணி நடைபெறுகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா என்ற சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அதைத் தொடுத்து முடிக்க ஒரு நிமிடமும் ஆவதில்லை.

லட்சக்கணக்கான அணுக்களாலான இக்கருவியின் வடிவத்தைக் காண்பது ஆகாத காரியம் என்றே பலர் எண்ணியிருந்தனர். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ராமகிருஷ்ணனும் அவர் குழுவினரும் 2000-ல் அதன் சிறிய பகுதியின் வடிவத்தை அணு அணுவாகத் தெளிவாக்கினர். 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசை ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். இதனால் மருத்துவத்துக்கும் பயன் உண்டு. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதினின்றும் சற்று வேறுபட்டது. காச நோய்க்குத் தந்து வந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் குலைக்கிறது. அது எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதையும் இவ்வாய்வு காட்டியது.

கிண்டியில் பிறந்த கணக்கு

மாலை தொடுத்தாயிற்று, ஆயினும் வேலை முடியவில்லை. நீண்ட சங்கிலியாக மட்டும் இருக்கும் புரதத்தால் பயனில்லை. அது தனக்குரிய வடிவில் மடங்க வேண்டும். அந்த மடிப்பின் விதியைக் கண்ட இடத்துக்குத் திருவான்மியூர் வாசகர் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியதில்லை. அடையாறு சென்று சர்தார் பட்டேல் சாலையில் கிண்டியை நோக்கித் திரும்பினால் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வரும். அதன் அருகிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது.

1952-ல் அப்பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மாணவர். துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அப்பதவியை ராமனுக்கே அளிக்க முன்வந்தபோது, ராமன் தம் மாணவரின் பெயரைச் சொன்னார் என்பது வரலாறு. அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு சென்னைக்கு வந்த பெர்னல் என்ற ஆங்கில விஞ்ஞானி, கொல்லாஜனின் வடிவம் இன்னும் சரிவரத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் கூறினார். தோல் என்பதே பெரும்பாலும் கொல்லாஜன்தான்; தோல் ஆராய்ச்சி நிலையமோ அண்டை வீடு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முனைந்து ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்ட வடிவம் அது என்று 1954-ல் வெளியிட்டனர். கூந்தலை மூன்று கால்களாகப் பிரித்துப் பின்னும் பின்னலை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

அதன் பின் அவர் இன்னும் பொதுவான ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். எந்தப் புரதச் சங்கிலியாயினும் அதன் கணுக்கள் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும்? அணுக்கள் ஒன்றன்மீது ஒன்று மோதக் கூடாது என்ற எளிய நிபந்தனையைக் கொண்டு அவரும், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் கணக்கிட்டனர். (இந்த ராமகிருஷ்ணன் வேறு; நோபல் பரிசு பெற்றவர் வேறு.) பெரும்பாலான கோணங்கள் ஆகாதவை, சிலவே ஆகும் என்று காட்டும் ஒரு சதுரப் படத்தை 1963-ல் அவர்கள் வெளியிட்டனர். ‘ராமச்சந்திரன் படம்’ என்றே உலகெங்கும் அது வழங்கப்படுகிறது. எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று இப்படத்தோடு ஒத்துப் பார்ப்பது இன்றும் வழக்கம். 2001-ல் சென்னையில் ராமச்சந்திரன் மறைந்தார். நாள்தோறும் அச்சாலையில் பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேர் அவ்வளாகத்தை அறிந்து பார்த்திருக்கிறோம்?

கரியும் கறியும்

“கறி வாங்கி வா” என்று எழுத வேண்டிய சீட்டில் “கரி வாங்கி வா” என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கடைக்குப் போன பையன் சீட்டில் உள்ளபடியே அடுப்புக்கரி வாங்கி வந்து நிற்பான். குற்றம் பையனுடையதன்று, கடைக்காரருடையதும் அன்று. ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவே.

1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, ‘அரிவாள் அணு’ என்ற பண்பு அவர்களிடம் இருப்பதைக் கண்டனர். வட்டமாக இருக்க வேண்டிய இரத்தச் சிவப்பணு, பிராணவாயு குறையும் நேரத்தில் கதிர் அரிவாள் போல வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. எலும்பிலும் மூட்டிலும் பொறுக்க முடியாத வலி உண்டாகிறது. இத்தகைய அணுக்கள் விரைவில் அழிந்துவிடுவதால் இரத்தசோகையும் வருகிறது. சிறு குழந்தைகளுக்குக் கைகால்கள் வீங்கிவிடும்.

இதற்குக் காரணம் ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது என்று லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1949-லேயே காட்டியிருந்தனர். 1956-57-ல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அதை இன்னும் நெருங்கிக் கண்டார். பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களுள் ஆறாவதாக உள்ள ஒன்றே ஒன்று மாறியிருந்தது. குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. நகலில் ‘ஜி-ஏ-ஜி’ என்றிருக்க வேண்டிய சொல் ‘ஜி-யு-ஜி’ என்று ஆகியிருப்பதே அதன் பொருள். ஓர் எழுத்துதான்! ரைபோசோம் எழுதியுள்ளபடியே படித்தது, எழுதியுள்ளபடியே தொடுத்தது. மாலையின் ஆறாம் பூ மாறியது, அணு வளைந்தது, ஒரு குழந்தை இரவெல்லாம் அழுதது.

அதே பக்கத்தில் வேறு இடங்களில் எழுத்து மாறினால் பீட்டா சங்கிலி மிகக் குறைவாக உண்டாகும், அல்லது அறவே உண்டாகாது. அதன் விளைவே தலசீமியா. அந்நோய் கடுமையாக வாய்த்த குழந்தைகள் சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கிறது.

யாருடைய குற்றம்?

இப்போது தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். மெண்டல் காட்டியபடி ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்மிடம் இரு பிரதிகள் உண்டு. ஒன்றில் எழுத்து மாறியிருந்தாலும் மற்றொன்று சரியாக இருந்தால் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை. அத்தகையோர் நலமாக வாழ்கிறார்கள். தம்மிடம் மாறிய எழுத்து ஒன்று இருப்பதை அறியாமலே முதுமை எய்துகிறார்கள். கணவன், மனைவி இருவரிடமும் ஒவ்வொரு மாறிய பிரதி இருந்தால் மட்டுமே இந்நோய்கள் முழு வடிவில் குழந்தையைத் தாக்கக்கூடும். அப்போதும் ஒவ்வொரு பேற்றிலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரைப் போல் ஒரு மாறிய பிரதியோடு பிறக்க நான்கில் இரு பங்கு. முற்றிலும் மாசின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கு.

ஆதலால் “எங்கள் வம்சத்தில் இல்லை” என்ற சொல் இவ்விடத்தில் விஞ்ஞானத்துக்கு முரணானது. நோய் தாயிடமிருந்து வந்த அளவே தந்தையிடமிருந்தும் வந்தது. தலைமுறை தலைமுறையாக அவ்வெழுத்து இரு குடும்பங்களிலும் ஓசையின்றி நகலெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதைத் தெரிந்து எழுதியவர் எவருமில்லை, தடுத்திருக்கக்கூடியவரும் எவருமில்லை.

இதனைச் சாபம் என்று எண்ணுவோருக்கு இன்னொரு செய்தி. அரிவாள் அணுவுக்குரிய எழுத்தின் ஒரு பிரதியை மட்டும் உடையவர்களைக் கொடிய மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை. மலேரியா மிகுந்த காடுகளில் வாழ்ந்த மூதாதையரைக் காத்த எழுத்து அது. அதனால்தான் அது அழியாமல் நிலைத்தது. ஒரு பிரதி கவசமாகிறது. இரு பிரதிகள் சேரும்போது துன்பமாகிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டதையும், இருவருடையதும் அன்று என்று ஆண்டவர் மறுத்ததையும் நாம் நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். அதை வாசித்த குடும்பங்களில் இப்பழிச்சொல் எழலாமா?

நாம் செய்யக்கூடியது

பழி வேண்டாம் என்பதால் கவனமும் வேண்டாம் என்பதில்லை. நம் நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. ஒரே தாத்தா பாட்டியின் ஏட்டிலிருந்து நகலெடுத்த இருவர் மணக்கும்போது, மாறிய அதே எழுத்து இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கத் திருச்சபையின் சட்டப்படி விலக்குப் பெற வேண்டும் என்பதை வாசகர் அறிவர். அவ்வெச்சரிக்கைக்கு உயிரணுவும் தன் பங்குக்கு ஒரு காரணம் கூறுகிறது.

உறவாயினும் அயலாயினும், திருமணத்துக்கு முன்போ கருவுற்ற தொடக்கத்திலோ ஓர் எளிய இரத்தப் பரிசோதனையால் தலசீமியா, அரிவாள் அணு ஆகியவற்றின் மறைந்த எழுத்தை அறிந்துகொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர்ப் பொருத்தம், தொழில், சொத்து என எத்தனையோ விசாரிக்கும் நாம், பிறக்கப் போகும் பிள்ளைக்காக இதையும் விசாரிக்கலாம். அரிவாள் அணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்குடன் மத்திய அரசு 2023 ஜூலை 1-ல் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு.

நோயோடு பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை அரிவாள் அணு நோயாளிகள் பலரின் வலியைக் குறைக்கிறது. கருவில் இருந்தபோது குழந்தை பயன்படுத்திய வேறொரு ஹீமோகுளோபினின் பக்கத்தைத் திறந்து மீண்டும் படிக்கச் செய்வது அதன் உத்தி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயின் ஒரு கடுமையான வகைக்கு ஆளான ஐவருக்கு, உறைவிக்கும் புரதத்தின் சரியான பக்கத்தையே அவர்களுடைய சொந்த உயிரணுக்களில் சேர்த்து மருத்துவர்கள் சிகிச்சை அளித்தனர். அதன் பின் கவனித்து வந்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை என்று 2024 இறுதியில் அவர்கள் அறிவித்தனர். பிழைப்பட்ட சீட்டுக்குப் பதில் சரியான சீட்டைக் கொடுத்தார்கள். ரைபோசோம் வழக்கம்போல் எழுதியுள்ளபடியே தொடுத்தது.

இதை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்பு மஜ்ஜையில் கோடிக்கணக்கான புதிய சிவப்பணுக்கள் உருவாகியிருக்கும். தாய் தந்த எழுத்தையும் தந்தை தந்த எழுத்தையும் அவை ஒரே மதிப்போடு படித்திருக்கும். அடுத்த முறை தொட்டிலைச் சுற்றி நின்று “இது யார் வீட்டு மூக்கு?” என்று தாராளமாகக் கேளுங்கள்; மகிழ்ச்சிக்குரிய கேள்வி அது. ஆனால் தொட்டிலில் இருக்கும் குழந்தை நோயுற்றதாயின், “இது யார் வீட்டு நோய்?” என்று மட்டும் கேளாதிருங்கள். இரு வீட்டாரும் சேர்ந்து எழுதிய ஏடு அது. இரு வீட்டாரும் சேர்ந்தே அப்பிள்ளையைத் தாங்க வேண்டும்.